1848: நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி விதித்த ஆண்டு – மாத்தளைக் கிளர்ச்சி உண்மையில் எதனால் மூண்டது?

சேனைப்பரண் எழுதியது:

இலங்கையில் படித்த நம்மில் பலருக்கும் 1848 என்றதும் முதலில் நினைவுக்கு வருவது நாய் வரிதான். வகுப்பில் ஆசிரியர் அதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பில் ஒரு தவறான விளக்கம் ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். அதை இங்கே உள்ளவர்கள் முன் வைத்துப் பார்க்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தேசாதிபதி (ஆளுநர்) டொரிங்டன் 1847 மே மாத இறுதியில் கொழும்பில் வந்திறங்கியபோது கோப்பியின் பொற்காலம் முடிந்துகொண்டிருந்தது. பிரித்தானியாவில் ஏற்பட்ட வணிக நெருக்கடியால் கோப்பி விலை சரிந்து, கடன் வாங்கித் தோட்டம் போட்டவர்கள் பலர் நொடித்துப் போக, அரசின் கருவூலத்திலும் பள்ளம் விழுந்தது. அதை நிரப்ப டொரிங்டனும் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்டும் கண்ட வழியே 1848இன் புதிய வரிகள். துப்பாக்கி ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டரை சிலிங், நாய் ஒன்றுக்கு ஒரு சிலிங், கடை ஒன்றுக்கு ஒரு பவுண். இவற்றோடு வீதிக் கட்டளைச் சட்டமும் வந்தது. அதன்படி வயதுவந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும். இயலாதவர் மூன்று சிலிங் கட்ட வேண்டும். இதே காலத்தில்தான் கோப்பியின் மீதிருந்த ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. தோட்டக்காரன் தோளிலிருந்து இறக்கிய சுமை யாருடைய தலையில் போய் ஏறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் துப்பாக்கியும் நாயும் வைத்திருப்பவன் ஓய்வு நேரத்தில் வேட்டைக்குப் போகும் கனவான். அவனிடம் வரி கேட்பதில் தவறு காண யாருமில்லை. கண்டிய மலைச்சரிவிலும் அதன் வடக்கே விரியும் வறண்ட காட்டிலும் சேனை செய்பவனுடைய நிலைமை வேறு. காட்டை வெட்டி எரித்துக் குரக்கனும் சாமையும் எள்ளும் விதைத்தவன், கதிர் முற்றும் வரை ஒவ்வொரு இரவும் பரணில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். பன்றி வந்தால் முதலில் குரைப்பது நாய். யானை வந்தால் விரட்டுவதற்கு இருப்பது ஒரு பழைய மருந்துத் துப்பாக்கி. இவ்விரண்டும் இல்லாத சேனையில் விடியும்போது தாள்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே நாய் வரியையும் துப்பாக்கி வரியையும் சேனைப் பயிரின் காவல் மீது விதித்த வரி என்றுதான் நான் வாசிக்கிறேன். அந்தச் சேனை நிலத்தையே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முடிக்குரியது என்று ஏற்கெனவே அறிவித்துவிட்டிருந்தது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக நிறுவப்படும் வரை, முடிக்குரியவை என்பதே அதன் உள்ளடக்கம்.

எனவே 1848 வெறும் வரிக் கலவரமன்று, எட்டாண்டுகளாக உள்ளே புகைந்த நிலப் பிரச்சினை அந்த ஆண்டில் வெடித்தது என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

நண்பரே, பரணைப் பற்றிய பத்தியை இரண்டு முறை படித்தேன். துப்பாக்கியையும் நாயையும் பயிர்க்காவலாகப் பார்த்தது சரியான பார்வை. ஆனால் அங்கிருந்து நிலப் பிரச்சினைக்குத் தாவியதை என்னால் ஏற்க இயலவில்லை. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வரைபடம். கோப்பி நிலத்தை விழுங்கியதுதான் காரணமென்றால், கோப்பி செறிந்திருந்த அந்தானை, கம்பளை, புசல்லாவைப் பகுதிகளில்தான் முதலில் தீப்பிடித்திருக்க வேண்டும். அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. எழுச்சி நடந்த இடங்கள் மாத்தளையும் குருணாகலும். மாத்தளையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஏழு கோறளைப் பிரதேசத்தைச் சேர்ந்த குருணாகலில் அவை எவ்வளவு இருந்தன? சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

இரண்டாவது, மக்கள் வாய்விட்டுக் கேட்டது. வரி நடைமுறைக்கு வந்தது சூலை 1ஆம் நாள். சூலை 6ஆம் நாள் கண்டிக் கச்சேரியின் (அரசாங்க அலுவலகத்தின்) முன் பெருங்கூட்டம் திரண்டது. அவர்கள் முறையிட்டது வரிகளைப் பற்றித்தான். அதனால்தான் டெனன்டு கண்டிக்கு விரைந்து வந்து வரிகளுக்கு விளக்கம் சொல்லிப் பார்த்தார். மாத்தளையில் கூட்டம் கச்சேரிக்குள் புகுந்து அழித்தவற்றில் வரி ஆவணங்களும் இருந்தன.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் அதைத் தொடவே இல்லை. அரசன். சூலை 26 அன்று தம்புள்ளை விகாரையில், தலைமைப் பிக்கு கிரனேகம தேரர் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார். அவருக்குச் சூட்டிய பெயர் சிரீ விக்கிரம சுப சர்வ சித்தி இராசசிங்க. வரிக்காக மட்டும் எழுந்த கூட்டமானால் மனுவோடு நிற்கும், மிஞ்சினால் கச்சேரிக்குக் கல்லெறியும். மன்னனை உருவாக்கி, அவனுக்கு வாள் தாங்கியாகப் புரன் அப்புவை அமர்த்தி, குகை விகாரையில் சடங்கு செய்வது வேறொரு தாகத்தின் வெளிப்பாடு. கண்டி பிரித்தானியர் கைக்குப் போன 1815 உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு பௌத்தத்தைக் காப்பதாக வாக்களித்தது. 1840களில் அரசு அந்த வாக்கிலிருந்து மெல்ல மெல்ல விலகி, 1847இல் புத்தரின் பல்லாகப் போற்றப்படும் புனித தந்தத்தின் பொறுப்பையும் கைவிட்டது. அரசன் இல்லாத நாட்டில் தந்தத்தைக் காப்பவர் யார் என்ற கேள்வியை அந்த விலகலே எழுப்பிவிட்டது. 1848க்கு நான் தேடும் காரணம் இந்த வெற்றிடம்.

சேனைப்பரண் எழுதியது:

வரைபட வாதம் வலுவானது; அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். தோட்டம் போடப்பட்ட நிலத்தைச் சுற்றி மட்டும்தான் 1840ஆம் ஆண்டின் சட்டம் வலித்தது என்று கொள்ள வேண்டியதில்லை. சேனைக்காரனிடம் உறுதிப்பத்திரம் கிடையாது; அவனுடைய உரிமை ஊரின் நினைவில்தான் இருந்தது. கோப்பி ஒரு மைல் தொலைவில் நின்றாலும், அடுத்த ஏலத்தில் தன் காடு போகுமா என்ற அச்சம் அவனுக்கு இருந்திருக்கும். குருணாகலில் நிலம் போகாதிருந்திருக்கலாம். சேனை செய்பவர்களும் நாய்களும் துப்பாக்கிகளும் அங்கே நிறையவே இருந்தன.

நிலத்தின் விலையையும் பாருங்கள். 1844 வரை முடிக்குரிய நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் என்ற தொடக்க விலைக்குக் கிடைத்தது. வாங்கியவர்களில் நிலத்தை விற்ற அரசின் உயர் அதிகாரிகளே பலர் இருந்தார்கள். பின்னர் அந்த விலை ஒரு பவுணாக உயர்ந்தது. இப்போது கடை வரியைத் திரும்பிப் பாருங்கள்: ஆண்டுக்கு ஒரு பவுண். சந்தியில் உப்பும் கருவாடும் விற்பவன் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பணத்துக்கு, அரசாங்கம் ஒரு ஏக்கர் காட்டை ஒருவனுக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்தது.

அரசனைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அரசன் யார்? கண்டியப் பிரபு குலத்தவரா?

மலையகத்தவள் எழுதியது:

சேனைப்பரண் ஐயா கடைசியில் கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்கிறேன், ஏனெனில் என் ஆர்வமும் அதில்தான் இருக்கிறது.

கொங்காலேகொட பண்டா கண்டியரே அல்லர். அவர் கொழும்பை அடுத்த பேலியகொடையில் பிறந்து, டேவிட் என்ற பெயரோடு கொழும்பு–கண்டித் தெருவில் போக்குவரத்துத் தொழில் செய்தவர். புரன் அப்பு மொரட்டுவையில் பிறந்தவர். இயற்பெயர் பிரான்சிசுக்கோ பெர்னாண்டோ. கண்டியப் பிரபுக்களில் பெரும்பாலோர் இந்த எழுச்சியில் சேரவில்லை. 1818 கிளர்ச்சியில் பட்ட அடியும், 1834இல் இராசத்துரோகக் குற்றச்சாட்டில் தம்மில் சிலர் கைதாகிப் பின் விடுதலையான அனுபவமும் அவர்களுக்கு மறந்திருக்காது. ஆகவே கல்வெட்டுப்பித்தன் ஐயா சொல்லும் அரசனுக்கான தாகம் உண்மையே ஆனாலும், அதைத் தணிக்க வந்தவர்கள் கண்டித் தெருவில் வண்டியோடு ஏறி வந்த கரைநாட்டு மனிதர்கள்.

அவர்களை மலைக்கு ஏற்றியது எது? கோப்பி. மூட்டைகளைக் கொழும்புக்கு இறக்க மாட்டுவண்டி தேவைப்பட்டது. வண்டியோடு வண்டிக்காரரும் தச்சரும் சாராயக் குத்தகைக்காரரும் சில்லறைக் கடைக்காரரும் வந்தார்கள். கடை வரி ஒரு பவுண் என்றபோது அது முதலில் சுட்டது இவர்களைத்தான். கிராமத்துச் சேனைக்காரன் நாய் வரியால் கொதித்தான், சந்தியில் கடை வைத்திருந்தவன் கடை வரியால் கொதித்தான். இரண்டு கொதிப்பும் மாத்தளையில் ஒன்றாகக் கலந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே கோப்பி இன்னொரு கூட்டத்தையும் அழைத்து வந்தது; அவர்களைப் பற்றி இந்த இழையில் இதுவரை ஒரு சொல்லும் வரவில்லை. மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர், வடக்குத் தெரு வழியாகக் காட்டைக் கடந்து நடந்தே மாத்தளைக்கு வந்தார்கள். அந்தத் தெருவின் மேல்தான் தம்புள்ளை இருக்கிறது. நீரின்றியும் வாந்திபேதியாலும் வழியில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். சூலை 26 அன்று முடிசூட்டு விழா முடிந்து பண்டாவின் ஆட்கள் மாத்தளையை நோக்கிப் போனதும் இதே தெருவில்தான்.

கிளர்ச்சியின்போது தமிழ்த் தொழிலாளர்கள் எங்கே இருந்தார்கள் என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அக்காலக் கோப்பித் தொழில் பருவகாலத் தொழில். அறுவடை ஏறத்தாழ ஆகத்து இறுதியிலிருந்து ஆண்டு முடிவு வரை. அது முடிந்ததும் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தேயிலையைப் போல ஆண்டு முழுவதும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தங்கிய வாழ்க்கை பின்னால் வந்தது. ஆகவே சூலை மாதத்தில் தோட்டங்களில் ஆள் குறைவு. கலகக்காரர்களின் பக்கத்திலோ அரசின் பக்கத்திலோ அவர்களைத் தேடுவதில் பெரிய பயன் இல்லை.

மதுரைக்காரன் எழுதியது:

நான் தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். இலங்கை வரலாற்றை முறையாகப் படித்தவன் அல்லன். இரண்டு ஐயங்கள் உண்டு. 1815இல் முடியிழந்த சிரீ விக்கிரம இராசசிங்கன் மதுரை நாயக்கர் உறவில் வந்தவன், வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தவன் என்று அறிவேன். பண்டாவின் பட்டப்பெயரில் அதே விக்கிரமனும் இராசசிங்கனும் இருப்பது தற்செயலா? அடுத்து, கிளர்ச்சியை அடக்கச் சென்னையிலிருந்து படை போனதாகக் கேள்விப்பட்டேன், அது உண்மையா?

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

தற்செயலன்று, ஐயா. கண்டி அரசமரபின் வழிவந்தவன் என்று காட்டிக்கொண்டால்தான் மக்கள் அரசனாக ஏற்பார்கள். பேலியகொடை டேவிட்டுக்கு அந்தப் பெயர் ஓர் உரிமைப் பத்திரம் போன்றது. அந்தப் பழைய அரசனைத் தமிழன் என்றும் வந்தேறி என்றும் தூற்றித்தான் 1815இல் பிரித்தானியர் பிரபுக்களைத் தம் பக்கம் இழுத்தார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு சிங்களக் கிளர்ச்சிக்கு அவன் பெயரே தேவைப்பட்டது என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

சென்னையிலிருந்து ஒரு படைப்பிரிவு வரவழைக்கப்பட்டது உண்மை. ஆனால் அது வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாத்தளைக் கூட்டத்தைச் சிதறடித்தது கண்டியிலிருந்து கப்டன் லில்லி நடத்திச் சென்ற சிறு படை. இடம் வாரியப்பொலைக் கோப்பித் தோட்டத்தை அடுத்த பகுதி. பின்னர், செப்டெம்பர் 21ஆம் நாள், எல்க்கடுவைக் குகையில் ஒளிந்திருந்த பண்டாவைப் பிடித்தவர்கள் மலாய்ச் சிப்பாய்கள். அவருடைய தலைக்கு 150 பவுண் விலை வைக்கப்பட்டிருந்தது.

ஓய்வுபெற்ற சட்டத்தரணி எழுதியது:

நண்பர்கள் காரணங்களை ஆராய்கிறீர்கள். என் தொழில் காரணமாக என் கண் போவது பின்விளைவின் மேல். 1848ஐ இலண்டன் வரை கொண்டுபோனது வரியுமன்று, பண்டாவின் முடியுமன்று, இராணுவச் சட்டம்தான்.

சூலை 29 அன்று கண்டியிலும் 31 அன்று குருணாகலிலும் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. ஓரிரு நாள்களிலேயே எழுச்சியின் முதுகெலும்பு முறிந்துவிட்டது. அரசின் தரப்பில் ஒரு சிப்பாயும் சாகவில்லை; காயம்பட்டவர் ஒருவரே. இருந்தும் அந்தச் சட்டம் அக்டோபர் 10ஆம் நாள் வரை நீடித்தது. இந்த இடைவெளிதான் என்னை உறுத்துவது. இராணுவச் சட்டத்துக்குச் சட்டம் அளிக்கும் ஒரே நியாயம் அவசியம். சண்டையே இல்லாத ஆகத்து, செப்டெம்பர் மாதங்களில் என்ன அவசியம்? அதைவிடக் கொடுமை, அந்தக் காலத்தில் சிவில் நீதிமன்றங்கள் மூடப்பட்டிருக்கவில்லை. தலைமை நீதியரசர் ஒலிபன்ட் கண்டியிலேயே உயர்நீதிமன்ற அமர்வை நடத்தி இராசத்துரோக வழக்குகளை விசாரித்துக்கொண்டிருந்தார். குற்றவாளிகளாகக் காணப்பட்டவர்களுக்குக் கருணை காட்டும்படியும் பரிந்துரைத்தார். அதே நகரில் மறுபுறம், சட்டம் படிக்காத இளநிலைப் படையதிகாரிகள் கூடிய இராணுவ நீதிமன்றம், விசாரணை என்ற பெயரில் ஏதோ ஒன்றை நடத்தி, மறுநாளே ஆளைச் சுட்டது. இவ்வாறு கொல்லப்பட்டவர்கள் 18 பேர். புரன் அப்பு ஆகத்து 8ஆம் நாள் சுடப்பட்டார்.

ஆகத்து 26 அன்று குடாப்பொல என்ற பிக்கு, காவியுடையோடு நிறுத்திச் சுடப்பட்டார். அவர் மீதான சான்று நம்பத்தகாதது என்று கண்டி வழக்குரைஞர்கள் அரசின் சட்டத்துறைத் தலைவர் செல்பியை அணுக, செல்பி தேசாதிபதியிடம் நேரில் போய்த் தண்டனையைத் தள்ளிவைக்கக் கேட்டார். டொரிங்டன் மறுத்துவிட்டார். அப்போது அவர் உதிர்த்ததாகச் சொல்லப்படும் சொற்களைப் பற்றிப் பின்னர் இலண்டனில் பெரிய வாதமே நடந்தது. சொற்கள் எவ்வாறிருந்தாலும் மறுத்ததில் ஐயமில்லை. பௌத்த நாட்டில் காவியைக் களையாமல் ஒரு துறவியைச் சுட்டது எதைக் கிளறும் என்பதை அந்த அரண்மனையில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லையா என்று நான் பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு.

கொழும்பு ஒப்சேவர் ஏட்டின் மருத்துவர் எலியட்டு, வரி எதிர்ப்புக்குத் தூபம் போட்டவர் என்று அரசால் குற்றம் சாட்டப்பட்டவர். அவர் இவற்றையெல்லாம் எழுதி இலண்டனுக்கு எட்டவைத்தார். 1849இல் மக்கள் சபையில் பெயிலி என்ற உறுப்பினர் முன்னின்று தெரிவுக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. பிரதமர் ரசலுக்கு டொரிங்டன் உறவினர் என்பதால் எதிர்க்கட்சிக்கு அது கொழுத்த இரையாயிற்று. கப்டன் வாட்சன் பெயரில் சிங்களத்தில் வெளியிடப்பட்டதாகக் கூறப்பட்ட கடுமையான அறிவித்தல் உண்மையா, போலியா என்பதை ஆராயச் சென்னை மாகாண அரசுப் பணியிலிருந்து இரண்டு அதிகாரிகள் 1850இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். மதுரைக்காரருக்கு இன்னொரு சென்னைத் தொடர்பு இது. அந்த ஆண்டிலேயே டொரிங்டன் பதவியை இழந்து ஊர் திரும்பினார். டெனன்டின் இலங்கைப் பணியும் அத்தோடு முடிந்தது.

மலையகத்தவள் எழுதியது:

ஐயா, நன்றி. பதினெட்டுப் பேர் என்பது இராணுவ நீதிமன்றத்தின் கணக்கு மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரியப்பொலையிலும் குருணாகலிலும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த கிராமத்தவர்கள் அதில் இல்லை. கசையடி வாங்கியவர்களும் நாடு கடத்தப்பட்டவர்களும், சொத்து பறிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டவர்களும் அதில் இல்லை.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

சட்டத்தரணி ஐயா எழுதியதைப் படித்தபின் என் வாதத்தைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். கிளர்ச்சி முடிந்ததும் டொரிங்டன் செய்தவற்றில் ஒன்று, கைவிட்ட புனித தந்தத்தைத் திரும்பவும் அரசின் காவலில் எடுத்துக்கொண்டது. ஆளும் உரிமை எங்கே இருக்கிறது என்று மக்கள் கருதினார்கள் என்பதை அவர் அப்போதாவது புரிந்துகொண்டார் போலும். ஆனால் இது மன்னராட்சி மீட்பு மட்டுமே என்று நான் முதலில் எழுதியது மிகை. மன்னராட்சி என்பது அந்த மக்களுக்குத் தெரிந்த ஒரே அரசியல் மொழி. தங்கள் குறைகளை அந்த மொழியில் சொன்னார்கள். குறைகளோ சேனைப்பரண் சொன்னவை, மலையகத்தவள் சொன்னவை.

சேனைப்பரண் எழுதியது:

நானும் ஒரு படி இறங்கி வருகிறேன். நிலம்தான் காரணம் என்று நேர்க்கோடு போட்டது அவசரம். குருணாகலை அந்தக் கோட்டுக்குள் அடைக்க முடியவில்லை. காவல் மீதான வரி என்ற பகுதியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான் தொடக்கத்தில் குறிப்பிட்டும் பிறகு பேச்சில் வராமல் போன ஒன்று வீதிக் கட்டளைச் சட்டம். ஆறு நாள் வேலை, அல்லது மூன்று சிலிங். இராசகாரியம் ஒழிக்கப்பட்டு அப்போது பதினாறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஊதியமில்லாத கட்டாய உழைப்பை ஒழித்ததாகப் பெருமை பேசிய அதே ஆட்சி, அதையே வேறு பெயரில் திருப்பிக் கொண்டு வந்தது. பழைய இராசகாரியத்தில் உழைப்புக்கு ஈடாக நிலமாவது இருந்தது. இதில் அதுவும் இல்லை. பணமாகக் கட்டலாமே என்பார்கள். தோட்டத்தில் கூலியாக நின்றவனுக்கே மூன்று சிலிங் ஏறத்தாழ ஐந்தாறு நாள் கூலி. கூலிக்குப் போகாத கிராமத்தவன் கையில் காசு புழங்கியதே குறைவு. சிலிங்கைக் கண்ணால் காண அவன் கடன் வாங்க வேண்டியிருந்திருக்கும். போதாக்குறைக்குப் பிக்குகளையும் முதலில் விலக்காமல் விட்டார்கள். கல்வெட்டுப்பித்தன் சொல்லும் மதக் கோபமும் நான் சொல்லும் வரிக் கோபமும் சந்தித்துக்கொள்ளும் இடம் இந்தச் சட்டம்தான்.

மதுரைக்காரன் எழுதியது:

அப்படியானால் இறுதியில் எந்தெந்த வரிகள் போயின, எவை நின்றன என்று யாராவது சொல்ல முடியுமா? பண்டா என்ன ஆனார்?

ஓய்வுபெற்ற சட்டத்தரணி எழுதியது:

துப்பாக்கி வரியும் நாய் வரியும் கடை வரியும் மீளப் பெறப்பட்டன. வீதிக் கட்டளைச் சட்டம் நின்றது, நெடுங்காலம் நின்றது. அதன்கீழ் போடப்பட்ட தெருக்களில் கோப்பி வண்டிகள் ஓடின.

பண்டாவின் வழக்கு நவம்பர் 27 அன்று கண்டியில் உயர்நீதிமன்றத்தின் முன் தொடங்கியது. குற்றச்சாட்டுகள் அனைத்தையும் அவர் ஒப்புக்கொண்டார். 1849 சனவரி 1ஆம் நாள் தூக்கிலிட வேண்டும் என்பது தீர்ப்பு. பின்னர் அது நூறு கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடு கடத்தலாகவும் மாற்றப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் இறந்துவிட்டார். இராணுவச் சட்டம் முடிவதற்கு மூன்று வாரங்களுக்கும் குறைவான காலமே இருந்தபோது பிடிபட்டும், அரசனாக முடிசூடியவர் சிவில் நீதிமன்றத்தின் முன் நிற்கும் வாய்ப்பைப் பெற்று உயிர் தப்பினார். அவருடைய வாள் தாங்கியோ ஆகத்தில் சுடப்பட்டுவிட்டார்.